கார்லண்டுக்குச் சொல்லாதது

நோலா ப்ரூயிட் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சோளரொட்டி சுட்டுப் போடும்போது பதறாத கை, இப்போது வீட்டில் இரண்டு முட்டையைக்கூடக் கருக்கிவிடுகிறது. காரணம் ஹேசல் கோவ் ஊர் முழுக்கத் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான், அவள் புருஷன் கார்லண்ட்.

ஆற்றோரச் சாலையில் நடந்து போனவனை ஏதோ வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவனுக்குத் தன் பெயர் தெரிந்தது, நோலாவைத் தெரிந்தது. கடைசி மூன்று வருஷம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் காணோம். அவன் குடித்துச் சீரழிந்தது அந்த வருஷங்களில்தான். ஒரு ஜனவரியில் அவள் அவன் துணிகளை வாசலில் தூக்கி வைத்துக் கதவைத் தாழிட்டதும், அவன் ஆற்றங்கரையில் சக்கரத்தின் மேல் நிற்கிற டிரெய்லர் வீட்டுக்குப் போய்த் தனியே கிடந்ததும் அப்போதுதான். விவாகரத்து என்று இருவருமே கோர்ட்டுப் படி ஏறவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் மனைவியைக் கூப்பிட்டார்கள்.

"எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டான் கார்லண்ட்.

'போறோம்' என்றானே, அதைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே டிரெய்லருக்கு ஓடி அவன் சட்டைகளை அள்ளிவந்து, எப்போதும் அங்கேயே இருந்தவை போல அலமாரியில் மாட்டினாள்.

ஊரும் ஒத்துழைத்தது. பழைய நினைவு எதையும் திணிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. சபையில் பாஸ்டர் முதல் பியானோ வாசிக்கிற பெண் வரை அவனைக் கட்டிப்பிடித்தார்கள், அவளைப் பார்த்துக் கண்ணால் பேசினார்கள். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமை காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "மழை பெய்யுது நோலா. ஒரு வண்டி வருது. விளக்கு ஒண்ணுதான் எரியுது."

அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓபலுக்குப் போன் செய்து, அவனுக்கு மழையும் வண்டியும் நினைவு வருகிறது என்றாள். சபையின் ஜெபச் சங்கிலி ஓபலிடம்தான் தொடங்கும். அவள் அடுத்தவளுக்குச் சொல்ல, அவள் அதற்கடுத்தவளுக்குச் சொல்ல, மதியத்துக்குள் ஊரே முழங்காலில் நிற்கும்.

"நினைவெல்லாம் முழுசாத் திரும்பணும்னு ஜெபிக்கச் சொல்லட்டுமா, கண்ணு?" என்று கேட்டாள் ஓபல்.

"ம்" என்றாள் நோலா. அவளோ அத்தனை நாளும் அதற்கு நேர்மாறாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வெஸ்டர் கூம்ஸ் வந்தார். சபையில் பாஸ்டருக்குத் துணையாக இருக்கிற டீக்கன், பாடகர் குழுவில் கனத்த குரல்காரர், மனைவியை இழந்தவர். கையில் கோழியும் சோறும் போட்டுச் சுட்ட கண்ணாடித் தட்டு. வந்தது தன் தங்கையின் காரில்.

"உங்க டிரக் எங்க, பிரதர் வெஸ்டர்? ரிப்பேரா?" சும்மா கேட்பது போலத்தான் நோலா கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்த டிரக்குக்கு இடது விளக்கு போய் எத்தனையோ மாதம் ஆயிற்று. 'ஒத்தைக்கண்ணன் வர்றான்' என்று பாடகர் குழுவே கேலி செய்யும்.

அவர் தட்டை மேஜையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"மான்னு நெனச்சேன், சிஸ்டர். சத்தியமா. வீட்டுக்குப் போய் பம்பரைப் பாத்தா அதுல துணி நூல் ஒட்டியிருந்துச்சு."

"திரும்பிப் போய்ப் பாத்தீங்களா?"

"போனேன். அதுக்குள்ள ஆம்புலன்ஸ் நின்னுச்சு. பயந்துட்டேன்."

முன்னறையில் கார்லண்ட் தூக்கத்தில் இருமினான். வெஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு நான் செஞ்சது ஞாபகம் வந்தா நீங்க செஞ்சதும் ஞாபகம் வரும், சிஸ்டர். ரெண்டும் ஒரே மூட்டைதான். டாக்டரே கிளறாதீங்கன்னு சொல்றார். நான் மிரட்டல. ஆனா நமக்கு ரெண்டு பேருக்குமே இது இப்படியே இருந்தா நல்லது."

நோலாவைக் குத்தியது அவர் சொன்னதல்ல. தன் மனசு அதற்குச் சட்டென்று சரி என்றுவிட்டதே, அதுதான்.

"யாரது, வெஸ்டரா?" தலையைச் சொறிந்துகொண்டு கார்லண்ட் வந்து நின்றான். "உன் சமையலா? அப்ப மறுபடியும் ஆஸ்பத்திரிதான்! உக்காருய்யா, சேந்து சாப்பிடலாம்."

மூவரும் உட்கார்ந்து வழக்கம்போல் ஜெபத்துக்குக் கை கோத்தார்கள். நோலாவின் வலக்கை கார்லண்டிடம், இடக்கை வெஸ்டரிடம்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. எந்த நெலமையிலயும் என்னைக் கைவிடாத பொண்டாட்டியைக் குடுத்ததுக்கும் நன்றி" என்று கண்ணை மூடியபடி சொன்னான் கார்லண்ட். "ஆமென்."

வெஸ்டரும் 'ஆமென்' என்று முணுமுணுத்தார். நோலா வாய் திறக்கவில்லை.

"என்ன, ஆமென் கூடச் சொல்ல மாட்டியா?" என்று சிரித்தான்.

"சொல்ல முடியல. நான் உன்னைக் கைவிட்டேன், கார்லண்ட். ரெண்டு வருஷம் முன்னாடி வெளிய தள்ளிக் கதவைப் பூட்டினேன். நீ இங்க இல்ல, ஆத்தங்கரை டிரெய்லர்ல இருந்த. அலமாரியில இருக்கிற சட்டையெல்லாம் நான் அங்கிருந்து எடுத்துட்டு வந்து மாட்டினது."

அவன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். "எதுக்கு?"

"குடிச்ச."

"அங்க போன பிறகும் குடிச்சேனா?"

"விட்டுட்டன்னு சொன்னாங்க. நான் நம்பல. வந்தும் பாக்கல." அவள் இடப்பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க சொல்லுங்க, பிரதர் வெஸ்டர். இல்லேன்னா நான் சொல்வேன்."

வெஸ்டர் சொன்னார். மான் என்று மூன்று தரம் சொன்னார். பெரிய குரல், சின்னதாக வந்தது. போலீசுக்கு, ஷெரிஃப் ஆபீசுக்கு, அவரே போன் செய்துவிட்டு, அதே நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்தார். யாரும் தட்டைத் தொடவில்லை.

கார்லண்ட் ஜன்னல் பக்கம் போய் நின்றான். ஷெரிஃப் கார் வளைவில் திரும்பியபோது நோலாவிடம் சொன்னான்.

"இவங்க போன பிறகு என்னை அந்த டிரெய்லருக்குக் கூட்டிட்டுப் போ."

"உன்னை அங்க விட்டுட்டு வரணுமா?"

"தெரியல. மொதல்ல பாக்கணும். நீ வெளிய நிக்காத, நீயும் உள்ள வா. நான் எப்படி இருந்தேன்னு உனக்கும் தெரியாதுல்ல."

நோலா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஷெரிஃபுக்குக் கதவைத் திறக்கப் போனாள்.