பக்கத்து வகுப்பில் திருத்திய தாள்கள்

கணக்கு டீச்சருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. மகள் அவருடைய வகுப்பிலேயே படித்தாள். அவளுடைய தாளை மட்டும் அவர் திருத்தமாட்டார். வெள்ளிக்கிழமைத் தேர்வு முடிந்ததும் அதை மடித்துப் பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சரிடம் கொடுத்துவிடுவார். மதிப்பெண் மட்டும் துண்டுச் சீட்டில் வரும், தாள் அங்கேயே அலமாரியில் தங்கிவிடும். மகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்ததும் இதற்காகத்தான். டீச்சர் பொண்ணு என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

ஆறு மாதமாகச் சீட்டில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. இருபதுக்குப் பதினெட்டு, பதினொன்று, ஆறு, கடைசியில் இரண்டு.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றேன். என் வயித்துல பிறந்தது ரெண்டு மார்க் வாங்குது," என்றார், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தபடி.

"போர்டுல எழுதுற கேள்வி சரியாத் தெரியலைம்மா."

"படிக்காதவங்களுக்குத் தெரியாதுதான். செல்போன் மட்டும் நல்லாத் தெரியும்."

"அதைக் கிட்ட வெச்சுப் பாக்கறேன்ல."

வாய்த்துடுக்கு என்று நினைத்து டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் பள்ளிப் படியில் கால் தவறி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். கண் டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"நரம்பு ரொம்பக் கெட்டுப்போச்சும்மா. மிச்சப் பார்வையைக் காப்பாத்தப் பாக்கலாம். போனது போனதுதான். ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே. படிப்புல எதுவும் வித்தியாசம் தெரியலையா?"

"மார்க் குறைஞ்சுது," என்றார் டீச்சர்.

மறுநாள் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கினார்.

"நீங்க குடுத்த விடையைப் பாத்துத்தான்க்கா டிக் அடிச்சேன்," என்றார் அறிவியல் டீச்சர், தலை நிமிராமல். "பொண்ணு எங்க தப்பு பண்றான்னு அம்மாவுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேன்."

கணக்கு டீச்சர் தாள்களைப் பிரித்தார். கரும்பலகையில் அவர் எழுதிய 68, மகளின் தாளில் 63 ஆகியிருந்தது. 56 என்பது 50. தன் கண்ணுக்குத் தெரிந்த கணக்கை அவள் ஒரு படிகூடப் பிசகாமல் போட்டிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறிகள். பிள்ளை எங்கே இடறுகிறது என்று பார்க்கத்தானே தேர்வு? இருபத்திரண்டு வருடம் தேர்வு வைத்தவர், பார்க்க வேண்டிய ஒரு தாளைப் பார்க்காமல் விட்டிருந்தார்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் தாளிலிருந்து திருத்தினார்.

"என்னம்மா பண்றே?"

"உன் தாளைத் திருத்தறேன்."

"நீதான் தொடமாட்டியே. எவ்வளவு?"

"இருபதுக்கு இருபது."

"பாசத்துல போடாதே."

"ஒவ்வொரு கணக்காப் போட்டுப் பாத்துட்டேன்டி. எல்லாம் சரி."

மகள் கையை நீட்டித் தாளை வாங்கினாள். கண்ணருகே கொண்டுபோனாள். இன்னும் அருகே. மூக்கு தாளைத் தொட்டது.

"கொஞ்சம் பெருசா எழுதிக் குடும்மா," என்றாள்.