முன்சக்கரம் இழுக்காத நாள்

போன மாதம் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. கச்சிராயபாளையத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, அந்தக் கதையை மறுபடியும் எடுத்தார். பாப்பா சின்ன வயதில் ஜீப்பின் சக்கரத்தில் எதையோ திருப்பி வைத்து அண்ணிக்கு வரவேண்டிய வேலையை வரவிடாமல் செய்துவிட்டது என்கிற கதை. பாப்பா என்றால் நான்தான். எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் பாப்பா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா அங்கேதான் இருந்தாள். சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த தாம்பாளத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நல்ல காரியம் நடக்கிற இடம் என்று விட்டேன். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சிற்றூரில் இருந்தது. அப்பாவுக்கு மளிகைக் கடை. சித்தப்பாவுக்கு ஜீப். அம்மா மட்டும் கீழே தியாகதுருகம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து கடையில் பொட்டலம் மடித்ததுதான் அந்தப் படிப்புக்குக் கிடைத்த உபயோகம்.

அப்போது ஊருக்குள் தார்ச்சாலை கிடையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் செம்மண் பாதை முழுக்கச் சேறு. களி கிண்டி வழித்துவிட்ட மாதிரி இருக்கும். மாட்டுவண்டியே வழுக்கும். அந்தப் பாதையில் ஏறி இறங்கியது சித்தப்பாவின் ஜீப் ஒன்றுதான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று அவருக்கு அப்படியொரு பெருமை. மற்ற வண்டிக்காரர்களைப் பார்த்தால் பாவம் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டுவார்.

அந்த வண்டியில் ஒரு சங்கதி இருந்தது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் உள்ளே கியர் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். அதில் ஓர் அம்புக்குறி. கீழே இறங்கி அந்த அம்பை ‘லாக்’ என்று எழுதியிருக்கும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ‘ஃப்ரீ’ பக்கம் இருந்தால், நீங்கள் உள்ளே உட்கார்ந்து எந்தக் கியரைப் போட்டாலும் முன்சக்கரம் கூடவே உருளுமே தவிர இழுக்காது. காய்ந்த பாதையில் லாக் போட்டால் டீசல் ஜாஸ்தி குடிக்கும் என்று சித்தப்பா ஃப்ரீயில்தான் ஓட்டுவார். மழை வந்தால் லாக்.

குனிந்து நிமிர அவருக்குச் சோம்பல். அதனால் அந்தத் திருப்பும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். வண்டி கிளம்பும்போது நான் முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தி இரண்டு கையாலும் குமிழைத் திருப்புவேன். கடக்கென்று ஒரு சத்தம் வரும். அப்போது நான்காம் வகுப்புதான் என்றாலும் லாக், ஃப்ரீ என்ற இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படிப்பேன். எங்கள் மலையில் அந்த வேலை தெரிந்த ஒரே பெண்பிள்ளை என்று எனக்குத் திமிரே உண்டு.

அந்த வருஷம் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஆள் எடுத்தார்கள். அம்மா யாரிடமும் சொல்லாமல் மனு போட்டுவிட்டாள். நேரில் வரச்சொல்லி கள்ளக்குறிச்சியிலிருந்து தபால் வந்தபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. அப்பா குதிப்பார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் குதிக்கவில்லை. வூட்டுப் பொம்பளை சம்பளத்துக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று ஒரு தரம் கேட்டார். அம்மா, பேசட்டும் என்றாள். அன்று மாலை அப்பாவும் சித்தப்பாவும் கடைக்குப் பின்னால் வெகுநேரம் நின்று பேசினார்கள். திரும்பி வந்த அப்பா, மழை நாளில் பஸ்ஸுக்கு நடக்க வேண்டாம், தம்பியே ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவான் என்று அம்மாவிடம் அவ்வளவு பரிவாகச் சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நேரில் பார்த்தவள் நான். பார்க்கிறேன் என்று தெரியாமல் பார்த்தேன்.

போகிற நாளன்று விடியும்போதே மழை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதால் நானும் கூடப் போனேன். அம்மா நல்ல புடவை கட்டி, சான்றிதழ்களை யூரியா சாக்கின் பிளாஸ்டிக் உள்பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். கிளம்புமுன் நான் வழக்கம்போல இரண்டு குமிழையும் திருப்பினேன். இரண்டும் லாக். சத்தம் கேட்டேன், அம்பையும் பார்த்தேன். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

ஊர் எல்லையில் ஒரு டீக்கடை. அங்கே வண்டியை நிறுத்தி, பாப்பா, பன் வாங்கிக்கோ என்று சித்தப்பா என்னை உள்ளே அனுப்பினார். பன் வாங்கி வந்தேன். கிளம்பினோம். அடுத்த இறக்கம் முடிந்து பாதை வளைந்து ஏறுகிற இடத்தில் வண்டி திணறியது. சித்தப்பா உள்ளே ஃபோர்வீல் கியரை இழுத்துப் போட்டார். எஞ்சின் கத்தியது, பின்சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. வண்டி பின்னால் சறுக்கித் திரும்பி, ஓரத்துப் பள்ளத்தில் முன்பக்கம் இறங்கி நின்றது. முன்சக்கரம் இரண்டும் கடைசிவரை இழுக்கவேயில்லை.

நான் குதித்து இறங்கினேன். குமிழ் சேற்றில் முழுகியிருந்தது. கையை விட்டுத் துழாவி, வழித்துத் துடைத்துப் பார்த்தேன். அம்பு ஃப்ரீயில் இருந்தது. சரி, இப்போதாவது திருப்புவோம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். சித்தப்பா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். இப்போது திருப்பினால் உள்ளே பல் உடைந்துவிடும் என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பிச் சொன்னார்.

“இன்னா பண்றது அண்ணி, பாப்பா மாத்தித் திருப்பி வுட்டுட்டுது. டிராக்டர் எதுனா வரும், இழுத்து வுடச் சொல்லலாம். மழையில நனையாம வண்டியில குந்துங்க.”

பல் உடையுமாம். அட மனுஷா! இன்று கடுக்காயும் மிளகும் ஏற்றி இறக்க நானே ஒரு பழைய ஜீப் வைத்து ஓட்டுகிறேன். வண்டி நிற்கும்போதுதான் அந்தக் குமிழைத் திருப்பவே வேண்டும். முதல் நாள் சாவி வாங்கியவனுக்கும் அது தெரியும். அன்று அவர் திருப்ப விட்டிருந்தால், முன்னிரண்டும் பிடித்துக்கொண்டு பள்ளத்திலிருந்து வண்டி ஏறியிருக்கும். அதற்கு முந்தின வாரம், அதைவிட மோசமான சேற்றில், ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமானையும் சமையல்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அதே வளைவில் ஏறிய வண்டி அது. கல்யாணத்துக்கு ஏறும், என் அம்மாவின் வேலைக்கு ஏறாது.

அம்மா என்னைத் திட்டவில்லை. சேற்றில் நின்ற என்னையும் சக்கரத்தையும் சித்தப்பாவையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“நீயே குந்து தம்பி” என்றாள். அவ்வளவுதான்.

என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். சித்தப்பா பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வழுக்குகிற இடத்தில் செடியைப் பிடித்து அவள் நடந்தாள். நான் அழுதுகொண்டே போனேன். நான் சரியாகத்தான் திருப்பினேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். கொஞ்ச தூரம் போனதும் அம்மா நின்றாள்.

“அதத் திருப்பணும்னா கீழ குந்தணுமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. குந்திக்கினுதான் திருப்பணும்.”

“ரெண்டு பக்கமும் போயா?”

ஆமாம் என்றேன். “நீ சரியாத்தான் திருப்பின. எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு முன்னைவிட வேகமாக நடந்தாள். பிள்ளை அழுகிறதே என்று சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நான் பன் வாங்க உள்ளே போயிருந்தபோது சித்தப்பா ஒரு சக்கரத்திடம் குந்தி, எழுந்து, சுற்றிப் போய் மறு சக்கரத்திடமும் குந்தியதை அவள் வண்டிக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள். டயரில் காற்று பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறாள். இதை நான் ஜீப் வாங்கிய பிறகு, வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னாள். அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்று அவளிடமும் கோபித்துக்கொண்டேன். கேட்டுவிட்டு மறுநாள் அதே வூட்டில்தானே சோறு ஆக்கணும் என்றாள்.

தார்ச்சாலைக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நின்று, கச்சிராயபாளையத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அம்மா அலுவலக வாசல் குழாயில் காலைக் கழுவி, செருப்பைப் போட்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். வந்தவர்களையெல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டது என்றார்கள். மலையிலிருந்து வருகிறேன், வண்டி மாட்டிக்கொண்டது என்று சொல்லிப் பார்த்தாள். மலைப் பிள்ளைகளுக்கு வேலை பார்க்க வந்தவள் மலையிலிருந்து வரத் தாமதமானால் தகுதியில்லையாம். இதைக் கேட்க அங்கே நாதியில்லை. சான்றிதழ் சுற்றிய பையை அம்மா பிரிக்கக்கூட இல்லை. அந்த வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அதற்குப் பிறகு மனு போடுகிற வயதும் அம்மாவுக்குத் தாண்டிப் போயிற்று.

நாங்கள் திரும்பி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜீப் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. டிராக்டர் வந்ததா, யார் இழுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இருந்த பயமெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். வழி முழுக்க யோசித்து யோசித்து, ஒருவேளை நான்தான் மாற்றித் திருப்பிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. சித்தப்பா அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கினார். கடைக்குள் கொண்டுபோய் மடியில் உட்கார வைத்து, பாட்டிலைத் திறந்து கை நிறையத் தேன் மிட்டாய் அள்ளிக் கொடுத்தார். “கொழந்த தெரியாம பண்ணிட்டுது, அத ஒண்ணும் சொல்லாத” என்று உள்ளே பார்த்து அம்மாவிடம் சொன்னார். சித்தப்பா என் கன்னத்தைக் கிள்ளினார். இரண்டு பேருமே அன்று என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தின வாரம் கடையில் கொஞ்சம் எண்ணெயைக் கொட்டிவிட்டேன் என்று விளக்குமாற்றுக் கட்டையால் முதுகு வீங்க அடித்த அப்பா அவர். அம்மாவின் வேலையையே கெடுத்துவிட்டு வந்தவளை ஏன் அடிக்காமல் கொஞ்சுகிறார் என்று வாய் நிறைய மிட்டாயை வைத்துக்கொண்டு யோசித்தேன். அன்று எனக்கு விளங்கவில்லை.