அத்தானின் மேசைவிளக்கு

அத்தானின் சமையலறையில் இன்றும் ஒரு பச்சை மேசைவிளக்கு நிற்கிறது. கழுத்து ஒருபக்கம் சரிந்துவிட்டது. எறியச் சொல்லிப் பார்த்துவிட்டேன்; அவர் கேட்கிற ஆளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாட்டைவிட்டு வந்த புதிதில், வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டை ஏழெட்டுப் பேர் பங்குபோட்டு இருந்தோம். அத்தான் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபடி கம்ப்யூட்டர் படித்தார். அவருடைய மனைவி, என் அக்கா, கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். அங்கே போன் லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நம்பர் அழுத்தியே விரல் சலித்த அத்தான் கடைசியில் ஒரு சின்ன நிரல் எழுதினார். கம்ப்யூட்டரே மோடம் வழியாக லொட்ஜுக்கு அடிக்கும். பிஸி என்றால் வைத்துவிட்டுத் திரும்ப அடிக்கும். லைன் கிடைத்தால் ஒரு விளக்கை எரிய வைக்கும்; நாங்கள் போனைத் தூக்காவிட்டால் வைத்துவிட்டு மறுபடி அடிக்கும். மோடத்தின் சத்தமே போதும்தான். ஆனால் கம்ப்யூட்டர் இருந்த அறையில் நைட் ஷிப்ட்காரர் பகலில் படுத்திருப்பார்கள். அதனால் சத்தத்தை அடக்கி, திரையை அணைத்து, கதவுக்குக் கீழால் வயர் இழுத்து, விளக்கைச் சமையலறையில் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். "விளக்கு எரிஞ்சால் போனைத் தூக்கு, அவ்வளவுதான்" என்றார். பலமுறை எரிந்தது, பலமுறை அக்காவோடு பேசினோம். எனக்கு அவர்மேல் பெருமை தாங்கவில்லை.

விசா கிடைத்த செய்தி ஒரு வியாழன் மத்தியானம் வந்தது. அக்காவோ, "இனி ஏலாது. வெள்ளிக்கிழமை விடிய அம்மாட்டைப் போறன்" என்று முந்தின கிழமையே சொல்லியிருந்தாள். யாழ்ப்பாணம் போக, நேவி சுடும் கடல்நீர்க் களப்பை வள்ளத்தில் கடக்கவேண்டும். புறப்பட்ட எல்லோருமே கரை சேர்ந்ததில்லை. எப்படியாவது அவளை மறித்தாக வேண்டும்.

நிரலை ஓடவிட்டு இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி ஆறியது. விளக்கு எரியவில்லை.

"லைன் இல்லைப் போல" என்றேன்.

"கிடைக்கும் தம்பி, பொறு."

பொழுதுபட்டு, படுத்திருந்தவர்கள் ஷிப்டுக்குப் போனபிறகு அத்தான் உள்ளே போய்த் திரையைப் போட்டார். லைன் கிடைத்ததாகத் திரை முழுக்க வரிவரியாக விழுந்திருந்தது. நிரலில் பிழையில்லை. பல்ப் பியூஸ் போயிருந்தது. கையால் நம்பர் அடித்தோம், அக்கா புறப்படும் நேரம்வரை பிஸி. பேச்சுமூச்சில்லாத போனை எடுத்தெடுத்து அலுத்த லொட்ஜ்காரர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

அக்கா ஏறிய வள்ளம் கரை சேரவில்லை.

ஒவ்வொரு வரியையும் சோதித்த மனுசன் பல்பைச் சோதிக்கவில்லையே என்று அவர்மேல் எனக்கு வருடக்கணக்கில் கோபம் இருந்தது. அவர் பிறகு கலியாணம் செய்யவில்லை. அந்த வீட்டிலேயே இருந்து கிழவராகிவிட்டார். இப்போது யாரைக் கோபிப்பது?

போன ஞாயிறு போயிருந்தேன். தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்குமுன் விளக்கின் சுவிட்சைப் போட்டார். மேசையில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

"எரியுது தம்பி" என்றார்.