அடிவயிற்றில் ஒரு கனம்

பெரியக்கா வேலைக்கு வராமல் நின்றுபோனதும், அவள் பார்த்துவந்த பெரிய சலவை மெஷின் சின்னக்காவின் தலையில் விழுந்தது.

இருவருக்கும் உறவு கிடையாது. ஒரே சலவைக்கூடத்தில் முன்னும் பின்னுமாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் ஒருத்தியைப் பெரியக்கா என்றும் இன்னொருத்தியைச் சின்னக்கா என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பேரே மறந்துபோயிற்று. சம்பள நாளில் பேர் சொல்லி அழைத்தால் சின்னக்காவே சற்றுத் தாமதித்துத்தான் திரும்புவாள்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரையோரம் போகும் குழாய்கள் வியர்த்து வழியும். பாய்லர் ஓயாமல் உறுமும். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். ரகசியம் பேச முடியாத இடம் அது. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி லிஃப்டில் கீழே வரும். வெளுத்து, உலர்ந்து, மடிப்பு கலையாமல் மேலே போகும். துணிதான் போகும். பெண்கள் பின்வாசல் வழியாக வந்து, பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போவார்கள்.

பெரிய மெஷினில் வெந்து வரும் போர்வைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வடம் மாதிரி கிடக்கும். இழுத்தால் முதலில் அசையாது. பிறகு மொத்தமும் ஒரேயடியாக மார்மேல் வந்து விழும். காலை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து, அடிவயிற்றை எக்கித் தள்ளுவண்டிக்குள் தூக்கிப் போட வேண்டும். பெரியக்கா அதை எத்தனையோ வருஷம் செய்தாள். கடைசிக் காலத்தில் அவள் ஸ்டூலின் விளிம்பில் ஒரு பக்கமாக உட்காருவாள். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொள்வாள். அந்த வேக்காட்டிலும் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

"ஒட்டகம் தோத்துடும் இவகிட்ட" என்று சின்னக்காதான் கேலி செய்வாள். பெரியக்காவும் சேர்ந்து சிரிப்பாள், பாதிச் சிரிப்பிலேயே காலைப் பின்னிக்கொள்வாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, பாய்லர் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்: "பெரியக்கா போயிட்டாங்களாம். கிட்னி ரெண்டும் வேலை செய்யலயாம்." சொல்லிவிட்டு, "இன்னைக்கு மேல ஆபரேஷன் நெறைய. துணி நிக்கக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார்.

துணி நிற்கவில்லை. சின்னக்கா தூக்கினாள்.

சின்னக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். மகன்கள் இருவரும் வெளியூரில். இளையவன் பிறந்தபோது தலை பெரியது. ஒரு பகல் முழுக்க முக்கிப் பெற்றாள். அன்றிலிருந்தே இருமினால் ஒரு சொட்டு கசியும். பிள்ளை பெற்ற எல்லாருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டாள். மாதவிலக்கு நின்ற பிறகு, சாயங்காலமானால் அடிவயிற்றில் ஒரு கனம் தொங்க ஆரம்பித்தது. யாரோ உள்ளிருந்து மெல்லக் கீழே இழுப்பது போல இருக்கும். படுத்தால் போய்விடும்.

ஒருநாள் காலையில் குளிக்கும்போது அவள் கையில் அது தட்டுப்பட்டது. மெத்தென்று, ஈரமாக, உருண்டையாக ஏதோ ஒன்று, இருக்கக் கூடாத இடத்தில். வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியில் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். கட்டி என்று நினைத்தாள். அதைவிடக் கெட்ட சொல் ஒன்றும் மனதில் வந்தது. அதை முழுதாக நினைக்கவில்லை. விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டது.

"என்ன இவ்ளோ நேரம்?" என்று வெளியிலிருந்து கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. தண்ணி மெதுவா வருது" என்றாள்.

சாயங்காலம் அது மறுபடி இறங்கியிருந்தது.

அதன் பிறகு அவளுடைய நாள் முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது. காலையில் தள்ளிவிட்டுக் கிளம்புவாள். மதியத்துக்குள் இறங்கிவிடும். கழிவறைக்குப் போனால் சிறுநீர் வர வெகுநேரம் ஆகும். வந்தாலும் மிச்சம் உள்ளேயே நிற்பது போலிருக்கும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். துணியை மடித்து வைத்துக்கட்டினாள். அது உரசி உரசிப் புண்ணானது. வீட்டில் பாயை இழுத்து அடுப்படிப் பக்கம் போட்டுக்கொண்டாள். கணவர் தன்மேல் ஏதோ கோபம் என்று எடுத்துக்கொண்டார். என்ன கோபம் என்று கேட்கத் தெரியாமல் அவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு பேர் காரணம் தெரியாமல் பேசாமல் இருந்தார்கள்.

சலவைக்கூடத்தில் மேஜையில் நின்று போர்வை மடிப்பவள் ஒருத்தி இருந்தாள். எல்லாரிலும் இளையவள், கைக்குழந்தைக்காரி. மடிப்புக்காரி என்பார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சின்னக்காவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காதருகே வந்து, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அக்கா, நீங்களும் பெரியக்கா மாதிரியே உக்கார்றீங்க."

சின்னக்கா குனிந்து பார்த்தாள். ஸ்டூலின் விளிம்பில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி, காலையில் நிரப்பியது, நிரப்பியபடியே இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

அந்த வார விடுமுறையில் பெரியக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். மகள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். சின்னக்கா உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மாவுக்கு என்னதாம்மா ஆச்சு?" என்று சின்னக்கா கேட்டாள்.

மகள் மடியிலிருந்த நூல்களைத் தட்டிவிட்டாள். "கர்ப்பப்பை இறங்கிடுச்சு அத்தை. முழுசா வெளிய வந்திருச்சு. எங்க யாருக்கும் தெரியாது. மயங்கி விழுந்தப்புறம்தான் பாத்தோம். அது மூத்திரப்பையையும் சேத்து இழுத்துருச்சாம், போற வழி மடங்கிருச்சாம். மேல அடைச்சு அடைச்சு கிட்னி வீங்கிப்போச்சு."

"வலின்னு சொல்லலயா?"

"வலியே இல்லயாம். அதான் டாக்டரும் சொன்னாங்க, இது சத்தமில்லாம நடக்கும்னு." நூல்கண்டை எடுத்து மறுபடி வைத்தாள். "முன்னாடியே வந்திருந்தா சாதாரண விஷயம்னாங்க. அதத்தான் அத்தை என்னால தாங்க முடியல. அம்மா தலைக்கு மேலயேதான் பொம்பளைங்க வார்டு இருந்துச்சு."

வாசல்வரை கூட வந்தவள் சின்னக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கும் இருக்கு, இல்ல?"

"சேச்சே" என்றாள் சின்னக்கா.

தெரிந்த பிறகாவது போயிருக்கலாம். போகவில்லை. தெரிந்ததாலேயே பயம் இரட்டிப்பாயிற்று. இப்போதே சிறுநீரகம் கெட்டிருந்தால்? போய்க் காட்டினால்தானே அது உண்மையாகும் என்று அவள் மனம் ஒரு கணக்குப் போட்டது. கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பாள். வீங்கியிருக்கிறதா என்று கன்னத்தை அழுத்துவாள். கணுக்காலை அழுத்துவாள். குழி விழுந்தது போலும் இருக்கும், விழாதது போலும் இருக்கும்.

மழை விடாமல் பெய்த ஒரு மதியம், அவளுக்குச் சிறுநீர் வரவே இல்லை. காலையிலிருந்து வரவில்லை. குந்திப் பார்த்தாள், நின்று பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். அது வீங்கியிருந்தது, உள்ளே போக மறுத்தது. அடிவயிறு பறை மாதிரி விறைத்துக்கொண்டது. நெற்றியில் ஜில்லென்று வேர்த்தது. மெஷின் நின்று, துணி வெளுத்துவிட்டது என்று மணியடித்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளுத்த போர்வைகள் ஏறக் காத்திருந்த லிஃப்டுக்குள் வண்டியோடு தானும் ஏறிக்கொண்டாள்.

பெண்கள் வார்டில் நர்ஸ் அவளுடைய ஏப்ரனைப் பார்த்துவிட்டு, "துணிய அங்க வச்சிட்டுப் போங்கக்கா" என்றாள்.

"துணி குடுக்க வரல. என்னையக் காட்ட வந்திருக்கேன்" என்றாள் சின்னக்கா. அதற்கு மேல் நிற்க முடியாமல் வண்டியின் கைப்பிடியிலேயே சாய்ந்தாள்.

டாக்டரம்மா நரைத்த தலை, அதிகம் பேசாதவர். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, சின்னக்கா அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய குழாய் ஒன்றைச் செருகியதும் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. பை நிறைந்து, இன்னொரு பை மாற்றினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, அழுகை இல்லாமலே.

"கட்டி எதுவும் இல்லம்மா. கர்ப்பப்பை இறங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"இத எப்படிங்கம்மா சொல்றது?"

"இப்ப சொன்னீங்கல்ல, அப்படித்தான்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "இது கெட்ட நோயில்ல. ஆனா கிட்னிய பாக்கணும்."

ஸ்கேன் எடுத்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சீக்கிரம் முடிந்தது. இன்னொரு பக்கத்தில் கருவியை வைத்து அழுத்தி, நகர்த்தி, மறுபடி அதே இடத்துக்கு வந்தார். "மூச்சப் புடிங்க" என்றதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறையின் அமைதியில் சின்னக்காவுக்குக் கீழே உள்ள பாய்லரின் அதிர்வு கட்டிலில் தெரிவதாகத் தோன்றியது.

ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போது கணவர் வந்தார். வேன் சாவி கையிலேயே இருந்தது. சட்டை மழையில் நனைந்திருந்தது. நர்ஸ் போனிலேயே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். கட்டிலோரம் வந்து நின்றார்.

"என்மேல கோவம்னு நெனச்சேன்" என்றார்.

"கோவம் என்ன கோவம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "தெரியல" என்றார். பொய் சொல்லாததில் சின்னக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதி. "வேனையாவது எடுத்துட்டு வந்திருப்பேன்" என்று அவர் பிறகு சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது வழக்கம்போலக் கால்கள் தாமாகப் பின்னிக்கொண்டன.

முடிவு நல்லதும் கெட்டதுமாக வந்தது. ஒரு சிறுநீரகம் தேறிவிடும். மற்றது எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது. முதலில் புண் ஆற மருந்து கொடுத்தார்கள். பிறகு, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு மெத்தென்ற வளையம் வைத்தார்கள். முதல் வளையம் வீட்டுக் கழிவறையில் ஒரு இருமலுக்கு விழுந்துவிட்டது. உயிரே கீழே விழுந்துவிட்டதாக அவள் நடுங்கினாள். அடுத்த அளவு நின்றது. வளையத்தோடேயே பல வருஷம் நன்றாக இருப்பவர்கள் உண்டு, அறுவை சிகிச்சையும் செய்துகொள்ளலாம், இரண்டில் எது வேண்டும் என்று டாக்டரம்மா அவளையே கேட்டார். தன் உடம்பைப் பற்றி யாரும் அவளை இதுவரை அப்படிக் கேட்டதில்லை. கணவரோடு பேசி, சிறுநீரகம் கொஞ்சம் தேறிய பிறகு, அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்து, மூத்திரப்பையை உரிய இடத்தில் ஏற்றித் தைத்தார்கள்.

அதே வார்டில்தான் படுத்திருந்தாள். மேலே போர்த்தியிருந்தது சலவைக்கூடத்துப் போர்வை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் தினமும் வந்து, அடியை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கச் சொன்னாள். "மூத்திரத்த அடக்கற மாதிரி. மூச்சப் புடிக்கக் கூடாது." எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கும் இதே பிரச்சினை. "பாரம் தூக்குனவங்களுக்கு மட்டும்தான் வரும்னு நெனச்சேன்" என்றாள் சின்னக்கா. "நான் சாக்பீஸ்தான் தூக்குனேன்" என்றாள் ஆசிரியை. இருவரும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

வேலைக்குத் திரும்பியபோது இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "லேசான வேலைன்னு இங்க என்னம்மா இருக்கு?"

"மடிக்கிற மேஜை இருக்கு. அந்த மெஷின்ல பாதித் துணி போட்டு, ரெண்டு பேரா எடுக்கட்டும்."

"அப்ப துணி நின்னுடும்."

"நிக்கட்டும் சார்" என்றாள் சின்னக்கா. பிறகு, பாய்லர் சத்தத்துக்கு மேல், எல்லாருக்கும் கேட்கும்படி, தனக்கு என்ன நடந்தது என்றும் பெரியக்காவுக்கு என்ன நடந்தது என்றும் சொன்னாள். எந்த இடம், எது இறங்கியது, எல்லாம். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் தலை நிமிரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மெஷினில் இரண்டு பேர் நின்றார்கள்.

மடிக்கும் மேஜையில் சின்னக்காவும் மடிப்புக்காரியும் எதிரெதிராக நின்று போர்வையின் முனைகளைப் பிடித்தார்கள். ஒருநாள் முனையைக் கொடுக்க வந்த மடிப்புக்காரி கையை விடாமல், "அக்கா, அந்தக் கனம்னு சொன்னீங்களே, அது சாயங்காலம் மட்டும்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"உனக்கு இருக்கா?"

"எனக்கில்ல. தெரிஞ்சவங்களுக்கு."

"அந்தத் தெரிஞ்சவங்கள நாளைக்கு மதியம் நான் மேல கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சின்னக்கா. மடிப்புக்காரி அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, சாப்பாட்டு நேரத்தில் ஏப்ரனைக் கழற்றிவிட்டு லிஃப்ட் பக்கம் போய் நின்றாள். அவளுக்கு ஆரம்ப நிலைதான்; பயிற்சி போதும் என்றார்கள். செய்கிறாளா என்று சின்னக்கா தினமும் அவளை அரித்தெடுக்கிறாள்.

மற்ற சிறுநீரகம் பாதியளவு தேறியதோடு நின்றுவிட்டது. அதை இனி கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். தைத்தது மறுபடி இறங்கவும் கூடும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை சின்னக்காவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குளிக்கும்போது கை தயங்கும். இருமல் வருமுன் உடம்பு உஷாராகும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். கணவர் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள். "இன்னைக்கு மதியத்துலேர்ந்து லேசா கனமா இருக்கு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவரும் பயந்துவிட்டார் என்பது தெரிந்தது.

"தொட்டுப் பாத்தியா?"

"பாக்கல. பயமா இருக்கு."

துணியை வேன்மேல் போட்டுவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் வண்டியின் முன்கதவைத் திறந்தார். "ஏறு" என்றார்.