என்னைக் கேட்காமல் மாறிய பக்கங்கள்

காலையில் பால் கொதிப்பதற்குள் துணிக்கடைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். ஒரு கணம் ஆங்கிலம் தெரியும். முதல் வரியை வாசிப்பதற்குள் எல்லாம் போர்த்துகீசியமாக மாறிவிடும். லிஸ்பனுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். என் போன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க்காரி நான் என்று அதுவே முடிவுசெய்துகொள்கிறது. பக்கத்தின் அடிவரை இறங்கி, உலக உருண்டைப் படத்தைத் தேடிப்பிடித்து, ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். மறுநாள் பழையபடி போர்த்துகீசியம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று தோன்றும். ஸ்ரீவைகுண்டத்தில் என் அம்மாவின் போனில் கேட்காமலேயே தமிழ் வருகிறது. திருநெல்வேலி நகைக்கடை விளம்பரம் வருகிறது, தூத்துக்குடியில் மழை என்று செய்தி வருகிறது. “சும்மா சும்மா வந்து தொந்தரவு பண்ணுது” என்பாள் அம்மா. அந்தத் தொந்தரவின்மேல் எனக்குப் பொறாமை.

ஆனால் பெரிய பொறாமை ரோஸ்லின்மேல்தான். புன்னைக்காயல்காரி. தூத்துக்குடியில் கல்லூரியில் என்னோடு படித்தவள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எனக்கென்று மக்ரூன் இனிப்பு வாங்கி வருவாள். ஆங்கிலத்தில் எழுந்து பேச வேண்டிய நாட்களில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். “ஏளா கோத, எனக்குள்ளதையும் நீயே சொல்லிரு. எனக்கு நாக்கு பெரளாது” என்பாள். நானும் சொல்வேன். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது. அவள் முதியோர் இல்ல வேலைக்காக எங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டாள். நானும் கணவர் முகுந்தனும் வந்தபோது, தான் குடியிருக்கும் கட்டடத்திலேயே எங்களுக்கும் வீடு பார்த்துக் கொடுத்தாள்.

இங்கே எல்லாம் தலைகீழ். ரொட்டிக்கடைக்காரர் அவளிடம் மூச்சுவிடாமல் பேசுகிறார், அவளும் பேசுகிறாள். ரோஸ்லின் பர்னாந்து என்று சொன்னதும் எந்த அலுவலகத்திலும் முகங்கள் மலர்ந்துவிடும். புன்னைக்காயல் பக்கம் போர்த்துகீசியர் விட்டுப்போன பர்னாந்து, இங்கே ஆண்களுக்கு வைக்கும் பெயர். அதைக் கேட்டுச் சிரித்து, “எங்கள் பெயராயிற்றே” என்று உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். கோதை என்ற என் பெயரை ‘கோத்தாய்’ என்று கூப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட முகுந்தன், “ரோஸ்லின்ட்ட ஒரு வார்த்த கேளேன்” என்பார். நானும் போய்க் கேட்பேன். கேட்டுவிட்டுப் படியேறி வரும்போது நெஞ்சு எரியும்.

அந்த எரிச்சலில்தான் இணையத்தோடு சண்டையைத் தீவிரமாக்கினேன். உலாவியின் மொழிப் பட்டியலில் தமிழை முதலிலும் ஆங்கிலத்தை அடுத்தும் வைத்தேன். இருப்பிடத்தைக் காட்டும் அனுமதியை நிறுத்தினேன். தானாக மொழிபெயர்ப்பதையும் நிறுத்தினேன். அப்படியும் சில பக்கங்கள் அடங்கவில்லை. கடைசியில் வி.பி.என். ஒன்றைப் போட்டு, நான் இந்தியாவில் இருப்பதாக எல்லாப் பக்கங்களையும் நம்பவைத்தேன். சேலை விளம்பரங்கள் வந்தன, மனசு நிறைந்தது. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். ஸ்கேன் நேரத்தை மாற்ற மருத்துவ நிலையத்தின் பக்கத்தைத் திறந்தால், வெளிநாட்டிலிருந்து நுழைய முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. வி.பி.என்.தான் காரணம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முகுந்தன் ரோஸ்லினைக் கூப்பிட்டார். அவள் ஒரே போனில் நேரத்தை மாற்றிவிட்டு, “நானும் கூட வாரேன், பயப்படாத” என்றாள். முகுந்தனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஸ்கேன் அறையில் நான் படுத்திருந்தேன். மருத்துவர் என் வயிற்றில் கருவியை வைத்துக்கொண்டு ரோஸ்லினைப் பார்த்துப் பேசினார். நடுவில் ஏதோ கேட்டார். நான் என்னவென்று புரியாமலேயே தலையாட்டினேன். அவர் சிரித்தபடி ‘மெனீனா’ என்றார். ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறி அவள் கையைப் பிடித்தேன்.

“என்னளா? என்ன சொல்லுதாங்க?”

“பொம்பளப் புள்ளயாம்ளா! சொல்லட்டுமான்னு கேட்டாங்க, நீதான் தலையாட்டுன.”

நம் ஊரில் ஸ்கேன் அறைகளில் இதைச் சொல்வது குற்றம் என்று பலகை வைத்திருப்பார்கள். பிறந்த பிறகு என் காதில்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். என் மகளைப் பற்றிய முதல் செய்தியை என்னைத் தாண்டி இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், இவள் ஏன் வந்தாள் என்றுதான் தோன்றியது.

பேருந்தில் வரும்போது அடக்க முடியவில்லை. “ஒனக்கு என்ன, பேரே இந்த ஊருப் பேரு. பாஷை தானா வருது” என்றேன்.

ரோஸ்லின், “பேருதாம்ளா அவங்களது. எங்க வீட்டுல யாருக்கு ஒரு வார்த்த தெரியும்? இங்கன வந்தப்ப போன்ல எல்லாம் இவங்க பாஷையில வந்துச்சு. மாத்தலாம்னே எனக்குத் தெரியாது. ஷாம்பு வாங்கப்போயி தரை தொடைக்க ஊத்துதத வாங்கித் தலையில தேச்சிருக்கேன். அழுதுக்கிட்டுத்தான் படிச்சேன். ஒனக்கு இங்கிலீஷுக்கு ஓடத் தெரிஞ்சுது, ஓடிட்ட” என்றாள்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் பட்ட கஷ்டத்தின்மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதே உண்மை.

வீட்டுக்கு வந்து வி.பி.என்.னை அழித்தேன். தமிழும் ஆங்கிலமும் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். மருத்துவ நிலையப் பக்கத்தை மட்டும் திறந்து, நானே என் விரலால் போர்த்துகீசியத்துக்கு மாற்றினேன். அது தானாக மாறும்போது வந்த கோபம், நான் மாற்றியபோது வரவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தேன். அடுத்த முறை தனியாகப் போனேன். திக்கித் திணறி, குழந்தையின் தலை கீழே இறங்கிவிட்டதா என்று கேட்டேன். மருத்துவர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை நான் யாரோடும் பங்குபோடவில்லை.

மகளுக்கு ஆண்டாள் என்று பெயர் வைத்தோம். இப்போது தவழ்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் ஒரு கோடியில் நான் உட்கார்ந்து, “இங்கன வா தங்கம்” என்றேன். மறுகோடியில் இருந்த ரோஸ்லின் வேண்டுமென்றே கைகளை விரித்து, “அந்தா கா, அந்தா கா” என்று, ‘இங்கே வா’வை இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை பாதி தூரம் வந்து நின்றது. என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் இருந்த வீட்டுச் சாவியை எடுத்துக் குலுக்கினேன்.

“சாவியக் காட்டி இழுக்கியோ? அதுக்கு இங்கயும் ‘ஷாவ்’னுதாம்ளா பேரு” என்று ரோஸ்லின் சிரித்தாள்.

ஆண்டாளும் சிரித்தாள். யார் பக்கமும் வராமல், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கைதட்டினாள்.