முப்பத்தைந்தாவது வாரத்தில் ஒரு பரீட்சை

பொறியாளர் லைசென்ஸ் பரீட்சையின் பாடத்திட்டத்தைப் பிரின்ட் எடுக்க இன்று துபாய் கராமாவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

பாடத்திட்டம் மட்டும்தான். எப்போது படிக்க ஆரம்பிப்பது என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண் அதே பரீட்சைக்கு எழுநூறு பக்கத்தை இரண்டு புத்தகமாக பைண்டிங் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஆறு மாத வயிறு இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். நாகர்கோவில்காரர், சைட் இன்ஜினியர்.

"பரீட்சை எப்பங்க?"

"அன்னைக்கு எனக்கு முப்பத்தஞ்சாவது வாரம்ணா."

"குழந்தை பிறந்து கொஞ்ச நாள் கழிச்சு எழுதலாமே?"

சிரித்தார். "பொறந்த பெறவு எனக்க டைம்டேபிள அதுல்லா போடும்!"

"எட்டு மணி நேரம் உட்காரணுமே?"

"சைட்டுல பன்னெண்டு மணி நேரம் நிக்கேன். அங்க ஏசியில இருந்து எழுதத்தானே சொல்லுகாவ."

கடைக்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். இரண்டு கனத்த புத்தகங்களையும் மார்போடு அணைத்தபடி அவர் மெட்ரோவை நோக்கி நடந்து போனார். கண்ணை விட்டு மறையும்வரை வாசலிலேயே நின்றேன்.

ரூமுக்கு வந்ததும் பரீட்சைத் தேதியைப் பதிவு செய்துவிட்டேன்.

கராமா பக்கம் இதற்குப் படிப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து படிக்கலாம். அவரிடம் தனியாகத் தோற்க எனக்குத் தைரியம் இல்லை.