மேசையாக வைத்த கதவு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்ததில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை. ஓர் அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. அறையில் பாய் விரித்தால் சாப்பிடுகிற இடம், சுருட்டினால் இருந்து கதைக்கிற இடம், மறுபடி விரித்தால் படுக்கிற இடம். வந்தவர்கள் எல்லாரும் பாயில் இருந்து வயிறாறச் சாப்பிட்டுத்தான் போனார்கள்.

மகளுக்குக் கலியாணம் பேசி வந்தபோதுதான் மேசை தேவைப்பட்டது. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முழங்கால் மடியாது. கலியாணம் பேசுகிறவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்து எச்சரித்தார்.

“அக்கா, அவரை நிலத்தில இருத்திப்போடாதேயுங்கோ. பிறகு எழுப்ப நாலு பேர் வேணும்.”

போகும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். “பொடியன்ர கதையை எடுக்காதேயுங்கோ. அவையள் நிலாவெளிப் பக்கம், தெரியாது. கடலில போன சாவு உள்ள வீடெண்டால் யோசிப்பினம்.”

பொடியன் என்றது என் மகனை. மகளுக்கு மூத்தவன். சண்டைக் காலத்தில் துறைமுகத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றில் பித்தளை கழற்றச் சுழியோடப் போனவர்களில் ஒருவன். மற்றவர்கள் மேலே வந்தார்கள். அவனை அடுத்த நாள்தான் எடுத்தார்கள். கரையிலிருந்து தூக்கி வர எங்களிடம் ஒரு வாங்குப் பலகைகூட இல்லை. இவருடைய, என் கணவருடைய, கூட்டாளிகள் வந்து வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கதவில்தான் அவன் வீட்டுக்கு வந்தான். அதற்கு மூன்று வருடம் கழித்து இந்தக் கலியாணப் பேச்சு.

அடுத்த வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம். அவர்களிடம் மேசை இருந்தது. அவருடைய மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அக்கா, மேசை வேணுமெண்டால் சொல்லுங்கோ” என்று தானாகவே கேட்டாள்.

“வேண்டாம் பிள்ளை, எங்களிட்ட இருக்கு” என்றேன். இரவல் மேசையில் சம்பந்திக்குச் சோறு போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெருமையால் வந்ததுதான் எல்லாம்.

“எங்க இருக்கு மேசை?” என்று இவர் கேட்டார். மூதூருக்கு ஆட்களை ஏற்றுகிற லோஞ்சுப் படகில் வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுப் போய், வாசல் கதவைப் பிணைச்சலிலிருந்து தூக்கிக் கழற்றினார். இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்கு மேல் கிடத்தினார். முதிரை மரக் கதவு, நல்ல பாரம். மகனைத் தூக்கி வரக் கழற்றிய அன்றைக்குப் போலவே பிணைச்சல் கத்தியது. அவருக்கு ஞாபகம் இருந்ததா, இல்லாதவர்போல நடந்துகொண்டாரா, நான் கேட்கவில்லை. அவர் சாகும்வரை கேட்கவில்லை.

கதவின் ஒரு முனையில் மரத்தின் கணு ஒன்று கண்போல இருக்கும். அவன் தலை அந்தப் பக்கம் கிடந்தது. வெள்ளைச் சீலையை இரண்டாக மடித்து விரித்தேன். அப்படியும் அந்த இடம் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். வாசலில் கதவு இல்லாததால் கடற்காற்று நேரே உள்ளே வந்தது. நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பரிமாறினேன். பின்னால் யாரோ கடலில் குளித்துவிட்டு வந்து துவட்டத் துவாய்க்காகக் காத்து நிற்கிறதுபோல இருந்தது. மகன் அப்படித்தான் நிற்பான், நிலம் நனைந்தால் ஏசுவேன் என்று. நான் திரும்பவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் அந்தக் கணு இருந்த பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். பாரை மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கினார்.

“மற்ற வீட்டுச் சோறெண்டால் இவருக்கு முழங்கால் நோவும் போயிடும்” என்றார் அவருடைய மனைவி.

“முப்பது வருசம் உம்மட சோத்தைத் திண்டுதானே இந்த நோவு வந்தது.”

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். “தங்கச்சி, இந்த இடம் ஈரமாக் கிடக்கு.”

துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. தண்ணீர்ச் செம்பு வைத்த இடமாக இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் செம்பு மற்ற முனையில் இருந்தது.

“உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

என் ஒரு கையில் கரண்டி, மற்றக் கை கதவின் விளிம்பில். கலியாணம் பேசுகிறவர் என் முகத்தையே பார்த்தார். குசினிக்குள் மகளின் காப்புச் சத்தம் நின்றது. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“ஒண்டுதான்” என்றேன். “இவள் மட்டுந்தான்.”

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். “இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ” என்றார்.

கலியாணம் நடந்தது. மகள் குறையில்லாமல் இருக்கிறாள். கதவை இவர் அன்றைக்கே திரும்ப மாட்டினார். ஆனால் அது நிலையில் பழையபடி பொருந்தவில்லை, ஒரு விரல் அளவு திறந்தே நிற்கும். இரண்டு தரம் சீவிப் பார்த்தார். சரிவரவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு சம்பந்தியார் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனேன். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர் நடுவில் சொன்னார்.

“தங்கச்சி, உங்கட மகனை எடுத்த அண்டைக்கு நான் அரசாங்கக் கச்சேரி அலுவலா வந்து கரையில நிண்டனான். கதவில தூக்கிக்கொண்டு போனதைக் கண்டனான். எந்த வீடெண்டு தெரியாது. உங்கட வாசலையும் மேசையையும் பார்த்த உடன விளங்கிட்டுது.”

“அப்ப ஏன் கேட்டனீங்கள்?”

“நீங்கள் சொல்லட்டும் எண்டுதான். சொல்லியிருந்தாலும் நாங்கள் பெண் எடுத்திருப்பம். நீங்கள் சொல்லேல்ல. அதுதான் கதையை மாத்திச் சோறு கேட்டனான்.”

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது பட்டிருந்தது. கதவைத் தள்ளி, வாசற்படியில் நின்று, “எனக்கு ரெண்டு பிள்ளைகள்” என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் கேட்க ஆள் இல்லை, இவரும் அதற்குள் காலமாகிவிட்டார். உள்ளே போய் ஒரு துவாயை எடுத்துவந்து நிலையோரத்து ஆணியில் போட்டேன்.

அது இன்றும் அங்கேதான் தொங்குகிறது. காலையில் தொட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும்.